தடுப்பூசியும் மரபணுவும்: என் மேசைக்கு வரும் கேள்விகள்

நான் மரபணு ஆலோசகர். மருத்துவர் இல்லை, ஊசி போடுகிறவளும் இல்லை. ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, "எதுக்கும் ஜெனடிக்ஸ் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பப்படுகிறவர்கள் கையில் தடுப்பூசி அட்டையும் கக்கத்தில் ஃபைலுமாக வந்து உட்காருகிறார்கள். ஆள் மாறுகிறது, ஊர் மாறுகிறது, சந்தேகம் மட்டும் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஊசிதான். அதுக்கு ஒண்ணும் ஆகல, என் பிள்ளைக்கு மட்டும் உடம்பு கொதிக்குது. பரம்பரையா?"

காய்ச்சல், ஊசி போட்ட தொடையில் வீக்கம், இரண்டு நாள் சிணுங்கல் இதற்கெல்லாம் பரம்பரையைத் தோண்ட வேண்டாம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் அரசு மையங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியில், கக்குவான் இருமல் கிருமியை முழுசாகக் கொன்று சேர்த்திருக்கிறார்கள். காய்ச்சல் வரும். அதனால்தான் பாராசிட்டமால் அளவையும் சொல்லி அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் அதைப் பற்றியது இல்லை. பல்லாயிரத்தில், பல லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு நேரும் பெரிய பாதிப்புகளில் மரபணுவின் பங்கு என்ன என்பதைப் பற்றியது.

"அப்போ அந்த மாதிரி மரபணு எத்தனை இருக்கு? ஒரு லிஸ்ட் கொடுங்களேன்"

லிஸ்ட் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்று வகையாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். முதல் வகையில் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியே பிறவியில் உடைந்திருக்கும். பிசிஜி (காசநோய்க்கு), போலியோ சொட்டு, ரோட்டா (பேதிக்கு), தட்டம்மை ஊசி போன்றவற்றில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக் குறைத்த கிருமி. மற்றப் பிள்ளைகள் அதை அடக்கிவிடுகிறார்கள், இந்தப் பிள்ளையால் முடியாது. இங்கே ஊசியே நோயாகிறது, அதை மழுப்பக் கூடாது.

இரண்டாவது வகையில் நோய் ஏற்கெனவே பிள்ளைக்குள் இருக்கிறது. ஊசியால் வந்த காய்ச்சல் அதை முதன்முதலாக வெளியே காட்டிவிடுகிறது. மூன்றாவது வகை, ஊரில் பலரிடமும் சும்மா கிடக்கும் ஒரு மரபணு வடிவம். ஏதோ ஒரு குறிப்பிட்ட ஊசியும் வேறு சில காரணங்களும் கூடும்போது ஆயிரங்களில் ஒருவருக்கு மட்டும் அது வினையாகிவிடுகிறது. பெற்றோர் செய்ய வேண்டியது வகைக்கு வகை வேறு. வாட்ஸப்பில் வரும் செய்திகள் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகின்றன.

"பிசிஜி போட்ட இடம் சீழ் வச்சிருக்கு. எதிர்ப்புச் சக்தி இல்லைன்னு அர்த்தமா?"

பெரும்பாலும் நேர் எதிர். பிறந்த பிள்ளைக்கு இடது மேற்கையில், தோலுக்குள் 0.05 மி.லி. மட்டும் போடுகிறார்கள். சில வாரத்தில் சின்னதாகப் புடைத்து, உடைந்து, கொஞ்சம் சீழ் வந்து, தானாக ஆறித் தழும்பாகும். மஞ்சள் பற்று, பவுடர், ஒத்தடம் எதுவும் வேண்டாம். அதே பக்க அக்குளில் சுண்டைக்காய் அளவுக்கு நெறி கட்டினாலும் பயமில்லை. அது வளர்ந்துகொண்டே போனாலோ உடைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கவலைப்பட வேண்டிய படம் வேறு மாதிரி இருக்கும். கழுத்து, தொடை இடுக்கு என்று எங்கெங்கோ நெறி கட்டும், காய்ச்சல் விடாது, எடை ஏறாது, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு உப்பும். பிசிஜி கிருமி உடம்பெங்கும் பரவுவது பத்து லட்சம் ஊசிக்கு இரண்டிலிருந்து நான்கு பிள்ளைகளுக்கு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்கும். காசநோய் வகைக் கிருமியை விழுங்கிய வெள்ளணுவுக்கு "கொல்" என்ற உத்தரவை எடுத்துப் போவது இன்டர்ஃபெரான் காமா. உத்தரவை வாங்கும் ஏற்பியில் கோளாறு இருந்தால் விழுங்கிய கிருமி உள்ளேயே பெருகும். 1996இல் இந்த ஏற்பியின் மரபணுக் கோளாறு, பிசிஜி பரவி இறந்த ஒரு துனிசியக் குழந்தையிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோர் நெருங்கிய உறவினர்கள்.

"மூத்தது மூணு மாசத்துல நிமோனியாவுல போயிடுச்சு. இப்ப ரெண்டாவது பிறக்கப் போகுது. ஊசி போடலாமா?"

இந்தக் கேள்வியைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் பிசிஜியைத் தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிடுகிறார்கள். அந்த ஓரிரு நாளுக்குள் யாராவது வாயைத் திறந்து "மூத்த பிள்ளை தவறிப்போச்சு" என்று சொல்ல வேண்டும். நல்ல நாளில் துக்கத்தைப் பேசக் கூடாது என்று பாட்டிமார்கள் அடக்கிவிடுவார்கள். அந்த மரியாதையை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மீறுங்கள்.

நான் செய்வது மிக எளிய வேலை. ஒரு வெள்ளைத் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுவேன். தவறியவர் மேல் குறுக்குக் கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இருவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு. ஒருமுறை ஓர் அம்மா "மூத்தது ஒண்ணுதாங்க" என்றார். தாளில் கணவரின் அண்ணன் குடும்பம் வரை வந்தபோது மாமியார் மெதுவாக, "அங்கயும் ஒண்ணு நாலாம் மாசத்துல பேதியில போச்சு" என்றார். அண்ணன் கட்டியிருந்தது இந்த அம்மாவின் அக்காவை. ஒரு தாளில் இரண்டு குறுக்குக் கோடு, இரண்டும் இரட்டைக் கோட்டின் கீழே. அதற்குப் பிறகு எந்த டாக்டரும் பிசிஜியை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

முதலில் பார்ப்பது ஆடம்பரமான டெஸ்ட் இல்லை. சாதாரண ரத்த எண்ணிக்கையில் லிம்போசைட் என்ற வெள்ளணு எவ்வளவு என்று பாருங்கள். பச்சிளம் பிள்ளைக்கு அது 3000க்குக் கீழே இருந்தால் விடாமல் தேட வேண்டும். ஸ்கிட் எனப்படும் கடுமையான கலப்பு எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டின் முதல் தடயம் பல நேரம் அந்தப் பழைய சீட்டிலேயே கிடக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்திலேயே இதைத் தேடுகிறார்கள். 2008இல் விஸ்கான்சினில் தொடங்கி 2018க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. நமக்கு அப்படிப் பொதுத் திட்டம் இல்லாததால்தான் குடும்பக் கதைக்கு இவ்வளவு மதிப்பு. ஸ்கிட் என்று முன்கூட்டியே தெரிந்து மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 94 பேர் பிழைத்ததாக 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. மும்பையின் தேசிய இம்யூனோ ஹீமட்டாலஜி நிறுவனம், சண்டிகர் பிஜிஐ போன்ற இடங்களில் இந்தக் குறைபாடுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

"நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டோம். அதனால ஊசியே ஆபத்தா?"

இல்லை. சொந்தத்தில் பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் உறவுக்குள்தான். உறவு என்பது எச்சரிக்கையின் பாதிதான். உறவோடு ஒரு பச்சிளம் பிள்ளையின் மரணமோ, திரும்பத் திரும்ப வந்த கடும் தொற்றோ சேரும்போதுதான் மணி அடிக்க வேண்டும்.

காரணம் எளிது. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. இந்த மாதிரிக் குறைபாடுகள் பலவற்றில் கோளாறான பிரதி ஒன்று இருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் கோளாறு என்றால்தான் நோய். ஒரே தாத்தாவிடமிருந்து அதே பிரதி கணவனுக்கும் மனைவிக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. அக்கா மகளைக் கட்டியவர்களின் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டியவர்களின் பிள்ளையைப் போல இரு மடங்கு. இருவருமே சுமக்கிறவர்கள் என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒண்ணு போச்சுல்ல, இனிமே மூணு தப்பிக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

"என் தம்பி சின்ன வயசுலயே போயிட்டான். அதுக்கும் என் பையனுக்கும் என்ன சம்பந்தம்?"

நிறைய சம்பந்தம் இருக்கலாம். சில குறைபாடுகள் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருபவை. தாய் நலமாக இருப்பார், மகன் பாதிக்கப்படுவான். அதனால் நான் தாய்மாமன்களைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன். சீர் செய்ய மட்டும் தாய்மாமனைத் தேடுகிற நமக்கு, இதிலும் அவர்தான் சாட்சி. ஸ்கிட்டின் ஒரு வகையும், எதிர்ப்புப் புரதமே சுரக்காத பி.டி.கே. மரபணுக் கோளாறும் இப்படி வருபவை.

பி.டி.கே. கோளாறில் ஒரு தந்திரம் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் முதல் ஆறு மாதம் பிள்ளையைக் காப்பதால் கோளாறு வெளியே தெரியாது. அதற்குள் போலியோ சொட்டு பல தவணை உள்ளே போயிருக்கும். சொட்டில் இருக்கும் உயிருள்ள வைரஸே முடக்கத்தை உண்டாக்குவது, முதல் தவணை எடுக்கும் 27 லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு. எதிர்ப்புப் புரதம் இல்லாதவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். முடக்கம் வராவிட்டாலும் குடலிலிருந்து வைரஸ் போகாமல் இருக்கலாம். பிரிட்டனில் ஒருவர் 28 ஆண்டுகள் மலத்தில் அதை வெளியேற்றிக்கொண்டே இருந்தார். 2016 ஏப்ரலில் இந்தியா மூன்று வகை வைரஸ் கொண்ட சொட்டிலிருந்து இரண்டு வகை கொண்டதற்கு மாறியதற்கும், அதற்குச் சற்று முன்பே போலியோ ஊசியைச் சேர்த்ததற்கும் சொட்டின் இந்தப் பக்கமும் ஒரு காரணம்.

"பென்டா போட்ட அன்னிக்கு ராத்திரியே ஃபிட்ஸ். அதுவரை நல்லா இருந்த பிள்ளை. ஊசி காரணம் இல்லைன்னு சொன்னா எப்படிங்க நம்புறது?"

உங்கள் கண் முன்னால் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு ஐம்பது வருடக் கதை இருக்கிறது. 1974இல் லண்டனில் கக்குவான் ஊசிக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்டதாக 36 குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. பிரிட்டனே பயந்தது. நூற்றுக்கு எண்பது பேர் போட்டுக்கொண்டிருந்த ஊசி சில ஆண்டுகளில் முப்பதுக்கு இறங்கியது. கக்குவான் திரும்பி வந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது.

2006இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, "ஊசியால் மூளை பாதிப்பு" என்று முத்திரை குத்தப்பட்டிருந்த 14 பேரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிழை. மூளை நரம்பணுவில் சோடியம் போகும் வாசலைக் கட்டும் மரபணு அது. அந்த வாசல் பழுதானால், எழும்பும் மின்னோட்டத்தை அடக்க வேண்டிய நரம்பணுக்கள் சோர்ந்துவிடும், காய்ச்சல் வந்தால் வலிப்பு கிளம்பும். ட்ரவே நோய்க்குறி என்று பெயர், 1978இல் ஃபிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் ட்ரவே விவரித்தது. முதல் வருடத்தில், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கு, காய்ச்சலோடு, ஒரு பக்கமாக, நீண்ட நேரம் வெட்டும். பென்டாவும் அதே மாதங்களில்தான் வருகிறது. இது நான் சொன்ன இரண்டாவது வகை.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெரிய லாபம் மருந்துச் சீட்டில். வலிப்புக்குச் சகஜமாக எழுதும் கார்பமாசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் ஆகியவை ஏற்கெனவே பழுதான அதே சோடியம் வாசலை இன்னும் அடைப்பவை. ட்ரவே பிள்ளைக்கு இவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் வலிப்பு கூடும். "ஊசியால் வந்தது" என்று எழுதி ஃபைலை மூடிவிட்டால் இந்தத் தப்பு வருடக்கணக்கில் ஓடும். எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். ஆனால் ஏற்கெனவே கொடுத்துவருகிற மருந்தை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரும்.

"அப்ப ஊசி போடாம இருந்திருந்தா பிள்ளைக்கு வந்தே இருக்காதா?"

வந்திருக்கும், தேதி மட்டும் தள்ளிப் போயிருக்கும். அதே ஆஸ்திரேலியாவில் 2010இல் ட்ரவே உள்ள 40 பேரைப் பார்த்தார்கள். 12 பேருக்கு முதல் வலிப்பு ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வந்திருந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்குச் சுமார் இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்கியது, அவ்வளவுதான். பின்னாளில் பேச்சு, அறிவு வளர்ச்சி, வலிப்பின் கடுமை எதிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நிலைமை மோசமாகவில்லை. ஆகவே மற்ற ஊசிகளை நிறுத்த வேண்டாம். காய்ச்சலை எப்படிச் சமாளிப்பது, வீட்டில் எந்த அவசர மருந்து வைத்திருப்பது என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

காய்ச்சல் மட்டும் அல்ல, சுடுதண்ணீரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. காலை நீட்டிப் போட்டு ஆவி பறக்கக் குளிப்பாட்டும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்வது, பெற்றோருக்கு மரபணுவை விளக்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

"எங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்லையாம். அப்புறம் பிள்ளைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

ட்ரவேயில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித்தான். கரு உண்டாகும் நேரத்தில் புதிதாக விழுந்த எழுத்துப்பிழை. யார் பக்கத்துக் குடும்பம் என்ற சண்டைக்கு இதில் இடமே இல்லை. அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. சில பெற்றோருக்கு ரத்தத்தில் தெரியாமல் கருவணுக்களில் மட்டும் அந்தப் பிழை இருக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள்.

"தட்டம்மை ஊசி போட்டு எட்டு நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை ஜன்னி வந்துச்சு. டெஸ்ட் எடுக்கணுமா?"

காய்ச்சல் வலிப்பு ஒரே முறை, ஐந்து நிமிடத்துக்குள் நின்றது, பிள்ளை பிறகு சாதாரணமாக விளையாடுகிறது என்றால் வேண்டாம். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் இரண்டாவது வாரத்தில்தான் வரும், எட்டாம் நாள் கணக்குக்குச் சரியாக இருக்கிறது. டென்மார்க்கில் 2014இல் இப்படிப்பட்ட பிள்ளைகளின் மரபணுக்களைச் சலித்து, இந்த ஊசிக்குப் பிந்தைய ஜன்னியோடு மட்டும் தொடர்புள்ள இரண்டு இடங்களைக் கண்டார்கள். அதில் ஒன்று சி.டி.46. ஊசியிலுள்ள தட்டம்மை வைரஸ் அணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியே அதுதான் என்பதால் பொருத்தமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அழகான சேதி. ஆனால் அந்த வடிவங்கள் ஏராளமானவர்களிடம் இருப்பவை, உங்கள் பிள்ளைக்குச் சோதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"வெளிநாட்டுல ஏதோ ஃப்ளூ ஊசியால பிள்ளைங்களுக்குத் தூக்க வியாதி வந்துச்சாமே, உண்மையா?"

உண்மை. 2009 பன்றிக் காய்ச்சலுக்காக ஐரோப்பாவில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்ட பேண்டெம்ரிக்ஸ் ஊசி. 2010 ஆகஸ்டில் பின்லாந்தும் சுவீடனும் முதலில் எச்சரித்தன. நார்கோலெப்ஸி, அதாவது பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவது, சிரித்தால் முழங்கால் துவண்டு சரிவது. மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் அணுக்கள் அழிந்துபோவதால் வருவது. பின்லாந்தில் 4 முதல் 19 வயதுக்குள் ஊசி போட்டவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வந்தது. சோதித்துப் பார்த்த பிள்ளைகள் எல்லோரிடமும் எச்.எல்.ஏ. டிகியூபி1*06:02 என்ற ஒரே எதிர்ப்புச் சக்தி மரபணு வடிவம் இருந்தது.

எப்படி என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. ஊசியின் புரதமும் ஹைப்போகிரெட்டினும் ஒரே ஜாடையில் இருப்பதால் எதிர்ப்பணுக்கள் ஆள் மாறித் தாக்குகின்றன என்று 2013இல் வந்த ஆய்வை, முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை என்று எழுதியவர்களே 2014இல் திரும்பப் பெற்றார்கள். இன்றும் அந்த முதல் ஆய்வைத்தான் பலர் பகிர்கிறார்கள்.

"அப்போ எல்லாருக்கும் மரபணு டெஸ்ட் எடுத்துட்டு ஊசி போட்டா பிரச்சினையே தீர்ந்துச்சே?"

மேலே சொன்ன பின்லாந்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊசி போட்ட பிள்ளைகளில் சுமார் 16,000 பேரில் ஒருவருக்கு வந்தது. ஒரு லட்சம் பிள்ளைகள் என்றால் ஆறு பேர். அந்த மரபணு வடிவம் வட ஐரோப்பியரில் நான்கில் ஒருவரிடம் இருக்கிறது. ஒரு லட்சத்தில் 25,000 பேர். ஆறு பேரைக் காக்க 25,000 பிள்ளைகளை ஒதுக்கி உட்கார வைக்க வேண்டும். அந்த 25,000 பேரிலும் நாலாயிரத்துக்கு ஒருவருக்குத்தான் நோய் வந்திருக்கும். மூன்றாவது வகையில் டெஸ்ட் பலிக்காததற்கு இதுதான் காரணம்.

பலித்த வழி வேறு. ஜப்பானில் தொண்ணூறுகளில் தட்டம்மை வகை ஊசிகளுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடும் அலர்ஜி வந்தது. குற்றவாளி கிருமி இல்லை, ஊசி கெடாமல் இருக்கச் சேர்த்த ஜெலட்டின். ஜப்பானியரிடம் அந்த அலர்ஜி எச்.எல்.ஏ. டிஆர்9 என்ற வடிவத்தோடு சேர்ந்து வருவதும் தெரிந்தது. ஆனால் யாரையும் பிடித்து வைத்து டிஆர்9 தேடவில்லை, ஊசியிலிருந்து ஜெலட்டினை எடுத்தார்கள். அலர்ஜி அடங்கியது.

"தட்டம்மை ஊசியாலயே உயிர் போன பிள்ளைங்க இருக்காங்கன்னு படிச்சேன். அது பொய்தானே?"

பொய் இல்லை, மிக மிக அபூர்வம். வைரஸ் நுழைந்ததும் உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதுவது டைப் 1 இன்டர்ஃபெரான் என்ற புரதம். (பிசிஜி பதிலில் வந்த காமா வேறு ஆள்.) அந்தச் சங்கைக் கேட்கும் காதுகள் ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1, 2 என்ற இரண்டு புரதங்கள். இதில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போன குழந்தைகளுக்கு உயிருள்ள தட்டம்மை வகை ஊசி ஆபத்தாகலாம். 2015இல் முதல் குடும்பம் தெரியவந்தது. 2022இல், சமோவா இருக்கும் பசிபிக் தீவுப் பகுதியான மேற்குப் பாலினீசியாவில் ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1 பழுதான பிரதி நூற்றில் ஒன்றுக்கு மேல் இருப்பது வெளிவந்தது. நூற்றில் ஒன்று என்று வைத்தாலும் பத்தாயிரம் பிறப்பில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக இருக்கும்.

இதே சமோவாவில் 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் இந்த ஊசிக்குப் பின் சில நிமிடங்களில் இறந்தார்கள். மரபணு இல்லை. ஊசிப் பொடியைத் தண்ணீருக்குப் பதில் தசைத் தளர்வு மருந்தில் கரைத்துவிட்டார்கள். ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, மக்கள் பயந்து ஒதுங்கினார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. இன்டர்ஃபெரான் காது கேளாத பிள்ளைக்கு ஊசியின் வைரஸே தாங்காது என்றால் நிஜத் தட்டம்மையை எப்படித் தாங்கும்? அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் கவசம்.

"கோவிஷீல்டு போட்டுட்டேன். ரத்தம் உறையுமா, ஜீன் டெஸ்ட் பார்க்கவா?"

வேண்டாம். அந்த உறைவு ஊசி போட்ட ஆறு வாரங்களுக்குள் வருவது. நீங்கள் போட்டு வருடங்கள் ஓடிவிட்டன. தட்டணுவிலிருந்து வரும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு தவறாக எதிர்ப்புப் புரதம் செய்வதால் அது நேர்கிறது. அடிலெய்டின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த எதிர்ப்புப் புரதங்கள் ஐ.ஜி.எல்.வி.3-21*02 என்ற குறிப்பிட்ட மரபணு வடிவத்திலிருந்தே பிறப்பதைக் காட்டினார்கள். அதுவும் மூன்றாவது வகைதான். வடிவம் பலரிடம், விபத்து சிலரிடம்.

"ஆப்பிரிக்கா வேலைக்குப் போறேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமாம். 62 வயசு"

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரியான மையத்தில் போடும் முன் இரண்டு விஷயத்தைச் சொல்லுங்கள்: உங்கள் வயது, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டியோ அறுவையோ இருந்ததா என்பது. இதுவும் உயிருள்ள வைரஸ் ஊசி. 2021இல் வந்த ஆய்வொன்றில் இந்த ஊசியால் உயிருக்குப் போராடிய ஏழு பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கு, 13 வயதுப் பிள்ளைக்கு, தட்டம்மை ஊசிச் சாவு பற்றிய பதிலில் சொன்ன ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.2 கோளாறு. 47, 57, 64 வயதான மூவருக்கு மரபணுவில் குற்றமில்லை. தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புப் புரதம் அவர்கள் ரத்தத்தில் இருந்தது. அதாவது, சங்கைக் கேட்கும் காது சரி, சங்கையே அடைத்துவிட்டார்கள். வயதானவர்களிடம் இது கூடுதல். அறுபது தாண்டினால் பயணம் தவிர்க்க முடியாததா என்று மையத்து டாக்டர் கேட்பார்.

"ஜி6பிடி குறைவு இருக்கு, அண்ணன் பையனுக்கு ஹீமோஃபிலியா. இவங்களுக்கு?"

ஜி6பிடி, அதாவது சிவப்பணுவைக் காக்கும் நொதி, குறைந்தவர்களுக்கு எந்தத் தடுப்பூசியும் தடையில்லை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியாவுக்கு ஊசி மருந்து பிரச்சினை இல்லை, குத்துவதுதான். மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃபேக்டர் (ரத்தம் உறையவைக்கும் புரதம்) ஏற்றுகிற நாளிலேயே போட்டால் இன்னும் நல்லது.

"ரிப்போர்ட்ல 'அர்த்தம் தெரியாத மாற்றம்'னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?"

இரண்டும் இல்லை. எல்லோருக்கும் மரபணுவில் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் உண்டு. லேப் பார்த்த மாற்றம் நோயோடு சேர்ந்ததா, சும்மா உங்கள் குடும்பத்துச் சாடையா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்று பொருள். நம் ஊர் மக்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால் நமக்கு இந்த வரி அடிக்கடி வருகிறது. இதை வைத்து ஊசியை நிறுத்தாதீர்கள். பெற்றோர் ரத்தத்தையும் பார்த்தால் சில நேரம் தெளியும். ஓரிரு வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

"சின்னவனுக்கு உயிருள்ள ஊசி எதுவும் கூடாதுன்னுட்டாங்க. பெரியவளுக்கும் நிறுத்திடவா?"

நிறுத்தாதீர்கள், அவள்தான் அவனுக்குக் கவசம். தட்டம்மை, சின்னம்மை ஊசியெல்லாம் அவளுக்குப் போடலாம். சின்னம்மை ஊசிக்குப் பின் அவளுக்குக் கொப்புளம் வந்தால் மட்டும் ஆறும்வரை இருவரையும் தள்ளி வையுங்கள். ஒன்றே ஒன்று கூடாது: போலியோ சொட்டு. அது மலத்தில் வெளியேறித் தம்பிக்குப் போகும். அவளுக்கு ஊசி வடிவத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு கைக்குழந்தை ரோட்டா குடித்திருந்தால், துணி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சிக்கல் வருவது போலியோ முகாம் ஞாயிற்றுக்கிழமை. சொட்டு மருந்தோடு வாசலுக்கே வந்துவிடுவார்கள், கதவைத் திறப்பவர் பெரும்பாலும் தாத்தா, அவர் பேரப்பிள்ளைகளை வரிசையாக வாயைத் திறக்கச் சொல்வார். அதனால் இரண்டு பிள்ளைகளின் அட்டையிலும், முன்பக்கத்திலேயே, "சொட்டு மருந்து கூடாது, ஊசி மட்டும்" என்று சிவப்பு மையில் டாக்டர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அதை போட்டோ எடுத்துத் தாத்தாவின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.